பழைய பென்ஸின் பின் அச்சும் சின் மிங் பட்டறையும்

பழைய பெரிய கார் வைத்திருப்போரிடம் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. விரைவுச்சாலையில் இஞ்சின் இவ்வளவு வேகமாகச் சுழல்வது இயல்பா, பின் அச்சின் பல்சக்கர விகிதத்தை மாற்றினால் குறையுமா என்பதே அது. என்னிடம் உள்ளது 1970களின் மெர்சிடிஸ் 280எஸ்இ. ஓடும்போது அதில் ஓர் ஊளைச் சத்தமும் எழுந்தது. இதே ஐயத்தோடுதான் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் இருக்கும் ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன்.

மெக்கானிக் முதலில் கேட்டது, "வண்டிய அதிகமா எங்கண்ணே ஓட்டுறீங்க?" என்பதுதான். பொருளைப் பற்றிப் பேசுமுன் பயன்பாட்டைக் கேட்ட அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். ஒரு சக்கரம் அசையாதபோது மற்றதன் இரண்டு சுற்று, இரு சக்கரங்களும் சேர்ந்து சுழலும் ஒரு சுற்றுக்குச் சமம். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான, சாக்பீஸால் கோடிட்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்று சுற்றைக் கடந்து நான்காவதில் முக்கால் பங்கை நெருங்கி நின்றது. ஷாஃப்ட் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனில் 13 பற்களும், பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌன் சக்கரத்தில் 48 பற்களும் இருப்பதால் விகிதம் 3.69, அதாவது பின் சக்கரம் ஒரு முறை சுழல ஷாஃப்ட் 3.69 முறை சுழல வேண்டும்.

இந்த வண்டியின் நான்காம் கியர் நேரடி இணைப்பு, அதாவது இஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுழலும்; ஷாஃப்ட்டை இஞ்சினைவிட வேகமாகச் சுழற்றும் ஓவர்டிரைவ் கியர் கிடையாது. டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருள்கிறது என்று கொண்டால், நமது விரைவுச்சாலைகளின் உச்ச வரம்பான 90 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 2770 முறை சுழலும். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110ஐத் தொட்டால் அது 3380ஐ எட்டும். வி8 இஞ்சின் கொண்ட மெர்சிடிஸ் 450இல் இருக்கும் 3.07 விகிதத்தைப் பொருத்தினால் 110இல் ஏறத்தாழ 2810க்கு இறங்கும் என்று அவர் தாளில் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் ஆறு சிலிண்டர், 2.8 லிட்டர் இஞ்சினுக்குச் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்; சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் சிராங்கூன் சாலையில் அந்தக் குறை உடனே தெரியும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து இயங்குவதால், அதையும் திருத்தாவிட்டால் உண்மையான 90இல் முள் 75ஐக் காட்டும். கேமராக்கள் நிறைந்த ஊரில் இது சிறிய பிழையன்று.

என் வண்டியின் ஊளைச் சத்தத்துக்கு விகிதம் காரணமில்லை என்று கண்டறிந்ததுதான் இந்தப் பட்டறையின் பெரிய சேவை. அக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு தொனி, காலை எடுத்ததும் வேறு தொனி எழுந்தது. இஞ்சின் இரைச்சலோ கியருக்குக் கியர் மாறும். இது வண்டியின் வேகத்தோடு மட்டுமே ஏறி இறங்கியது. பின் அச்சின் நடுவில் இந்தப் பல்சக்கரங்கள் அடங்கிய டிஃபரென்ஷியலின் எண்ணெய் மட்டம் தாழ்ந்திருந்தது, பினியன் சீலில் கசிவு, பேரிங்கில் தேய்மானம். விகிதத்தைத் தொடாமல் இவற்றை மட்டும் மாற்றி, பற்களின் பிடிப்பைச் சாயம் தடவிச் சோதித்து, இவ்வகை ஹைப்பாய்டு கியர்களுக்குரிய, 90 என்ற தடிப்பு எண் கொண்ட எண்ணெய் ஊற்றினார்கள். மூடுமுன் கிரௌன் சக்கரத்தில் சாயம் பதிந்த இடத்தை என்னை அழைத்துக் காட்டினார்கள். பல்லின் நடுவில், விளிம்பைத் தொடாமல், நீள்வட்டமாக அது பதிந்திருந்தது. ஊளை அடங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. பேரிங் வந்து சேரும் நாளைப் பற்றி அவர்களாக எதுவும் சொல்லவில்லை, நானே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. ரசீதில் உழைப்புக் கூலியும் உதிரிப்பாக விலையும் ஒரே தொகையாக இருந்தன. ஆகவே வேலையை ஒப்படைக்குமுன் இரண்டையும் பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஈப்போ, பினாங்கு என்று அடிக்கடி நெடுந்தொலைவு ஓட்டுபவராக இருந்தால் அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் உங்கள் வண்டிக்கு அவர் வேறு விகிதத்தைப் பரிந்துரைக்கக்கூடும்.