அமெரிக்க வரியில் டிபென்டென்ட் கிளெய்ம்: பல சீசன் பார்த்த பிறகு

வருடாந்திர வருமான வரி ரிட்டர்னான ஃபார்ம் 1040-இல் டிபென்டென்ட் (நம்மைச் சார்ந்திருப்பவர்) பகுதி கையளவுதான்: பெயர், எண், உறவு, சில டிக். நம்மவர்கள் ரிட்டர்ன் அடிக்கடி மாட்டுவதும் அங்கேதான்.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 17 வயது நிரம்பாமல் எஸ்எஸ்என்னும் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இருந்தால் 2025 வரியாண்டுக்கு 2,200 டாலர் வரை வரிக் கழிவு (கிரெடிட்). டிசம்பர் 31 இரவு பிறந்தாலும் அந்த வருடம் முழுக்கக் கணக்கில் சேரும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் குழந்தைக்கு, எஸ்எஸ்என் கிடைக்காதவர்களுக்கு வரிக்காகத் தரும் எண்ணான ஐடிஐஎன்தான். அதற்கு 500 டாலர் மட்டும்.

மாட்டுவது பெயரில். அப்பா முருகன் பழனிசாமி, மகன் கவின் முருகன். சாப்ட்வேர் அப்பாவின் கடைசிப் பெயரையே மகனுக்கும் நிரப்பிவிடும். வரித்துறையான ஐஆர்எஸ் எஸ்எஸ்என்னோடு கடைசிப் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தை ஒப்பிடுவதால், ஆர்0000-504-02 என்று ரிஜெக்ட் ஆகும். எஸ்எஸ்என் கார்டில் உள்ளபடி திருத்தி மறுபடி அனுப்பினால் சரி.

கல்லூரிப் பிள்ளைகளிடம் வேறு வம்பு. 24 வயதுக்குள், வருடத்தில் ஐந்து மாதமாவது முழுநேரம் படித்தால் பெற்றோர் போடலாம். கோடை வேலையில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க பிள்ளை முந்திக்கொண்டு ஃபைல் செய்து, 'என்னை வேறொருவர் கிளெய்ம் செய்யலாம்' என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்தால், பெற்றோர் ரிட்டர்ன் ரிஜெக்ட் ஆகித் திரும்பும். பிள்ளை 1040-எக்ஸ் (திருத்த ரிட்டர்ன்) போட வேண்டும். பெற்றோர் ஐபி பின் (ஐஆர்எஸ் தரும் அடையாளப் பாதுகாப்பு எண்) எடுத்து இ-ஃபைல் செய்யலாம். 2024 வரியாண்டிலிருந்து இது செல்லும்.

இனி அம்மா, அப்பா. ஊரில் இருப்பவர்களுக்கு எவ்வளவு பணம் அனுப்பினாலும் போட முடியாது. குடியுரிமையோ வரிக்கான ரெசிடென்ட் தகுதியோ வேண்டும். விசிட்டில் வருபவர்களுக்கு நாள் கணக்கு உண்டு: இந்த வருட நாள்கள் முழுதாக, போன வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு. வருடாவருடம் 150 நாள் தங்கினால் 150 + 50 + 25 = 225; 183-ஐத் தாண்டியாயிற்று. சந்தோஷப்படுவதற்குள் மீதியைப் பாருங்கள். ரெசிடென்ட் என்றால் ஊர் எஃப்டி வட்டியும் வாடகையும் அவர்கள் வருமானம். 2025-க்கு அது 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும்; வாடகையில் ரிப்பேர் செலவைக் கழிக்காமல் மொத்தமாகப் பார்ப்பார்கள். வங்கி இருப்பெல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை வேறு. கிடைப்பது 500 டாலர். விசிட்டர் பெற்றோருக்கு இது வேண்டாத வேலை. கிரீன் கார்டில் இங்கேயே இருந்து, செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்தால் தாராளமாகப் போடுங்கள்.

ஐடிஐஎன்னுக்கான டபிள்யூ-7 விண்ணப்பத்துடன் அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கி ஐஆர்எஸ் உதவி மையத்தில் காட்டினால் சரிபார்த்துக் கையோடு கொடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் நாட்டுக்குள் நுழைந்த தேதி இல்லையென்றால் அது மட்டும் போதாது: ஆறு வயதுக்குள் மருத்துவப் பதிவு, பள்ளி வயதில் பள்ளிப் பதிவு. ஜனவரி 15 முதல் ஏப்ரல் 30 வரை 9 முதல் 11 வாரம் இழுக்கும்.

எச்-4 குழந்தைக்குப் பிற்பாடு எஸ்எஸ்என் வந்தால், பழைய வருடங்களைத் திருத்தி பெரிய கிரெடிட்டைக் கேட்க முடியாது; அந்தந்த ரிட்டர்னின் கெடுவுக்குள் எஸ்எஸ்என் வந்திருக்க வேண்டும்.