ஜார்ஜியாவில் ஓட்டுப் போடுவது: நேரில் போனால் நாலரை நட்சத்திரம், தபாலுக்கு இரண்டு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கியபின் நான் இங்கே பார்த்த இரண்டாவது அதிபர் தேர்தல் 2024. ஓட்டலுக்கெல்லாம் நட்சத்திரம் போடுகிறோம், ஓட்டுச்சாவடிக்கும் போடலாமே.

நேரில் போகிறவர்களுக்குக் குறையே இல்லை. முன்கூட்டிய வாக்குப்பதிவு அக்டோபர் 15 முதல் நவம்பர் 1 வரை நடந்தது. இரண்டு சனிக்கிழமைகள் கட்டாயம் என்பது 2021இல் வந்த எஸ்.பி. 202 என்ற மாநிலத் தேர்தல் சட்டத்தின் புண்ணியம். கவுண்டிக்குள் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எந்த மையத்துக்கும் போகலாம். லைசென்ஸைக் காட்டி, தொடுதிரையில் தொட்டு, அச்சாகி வந்த தாளைச் சரிபார்த்து ஸ்கேனரில் விட்டேன். இருபதே நிமிடம். ஓட்டுப் போட்டதற்கு அடையாளமாகப் பீச் பழ ஸ்டிக்கரும் கிடைத்தது.

தபால் ஓட்டுதான் தகராறு. மாமியாருக்கு 77 வயது, முழங்கால் வலி. 2020இல் தபால் வாக்குச்சீட்டை நேரடியாகப் போட, கேமரா வைத்த பெட்டி வெளியிலேயே இருந்தது. இரவு ஒன்பதரைக்குக் காரை விட்டு இறங்கிப் போட்டுவிட்டு வந்தோம். இப்போது அந்தப் பெட்டி கட்டடத்துக்கு உள்ளே. மையம் திறந்திருக்கும் நேரம்தான் அதற்கும். முன்கூட்டிய வாக்குப்பதிவு முடிந்தால் பெட்டியும் மூடல். தபாலை நம்ப முடியாத கடைசி நான்கு நாட்களில்தான் பெட்டி தேவை, அப்போது பார்த்து அது கிடையாது!

தபால் ஓட்டு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 11 நாள் முன்பு. நாங்கள் அக்டோபர் 23ஆம் தேதி அனுப்பினோம் (சோம்பல் எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன்). வாக்குச்சீட்டு வந்தது நவம்பர் 2, சனிக்கிழமை. தேர்தல் நாளான செவ்வாய் மாலை ஏழுக்குள் போய்ச் சேராவிட்டால் செல்லாது. கவுண்டி அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம்தான். ஆனால் வேலை நாளில் நாற்பது நிமிடக் கார்ப் பயணம். பக்கத்துச் சாவடியில் சீட்டைத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்துவிட்டு நேரிலேயே போடட்டும் என்று செவ்வாயன்று கூட்டிப் போனேன்.

நீளமான வரிசை. காலை 9.30 முதல் 4.30 வரை 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் கேட்டால் முன்னால் விடவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் சாவடியில் அதைச் சொல்ல ஒரு அட்டைகூட இல்லை. நான் போய்க் கேட்ட பிறகுதான் விட்டார்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர் விஷயம். சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு நீங்களோ நானோ ஒரு பாட்டில் நீட்டக் கூடாது. அதிகாரிகள் வேண்டுமானால், வரிசையில் நிற்பவர் தானே எடுத்துக் குடிக்கும்படி வைக்கலாம். ஓட்டுக்குக் கையூட்டு ஆகிவிடுமாம். தண்ணீர்ப் பந்தல் வைக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இது தொண்டையில் இறங்காது.

ஒன்றை மட்டும் பாராட்டுகிறேன். தபால் ஓட்டில் கையெழுத்தை ஒப்பிடுவதை விட்டு, லைசென்ஸ் எண் கேட்கிறார்கள். மாமியாரின் கையெழுத்து ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. எண் மாறாது, பார்த்து எழுதினால் போதும்.

அடுத்த தேர்தலில் 78 நாள் முன்பு விண்ணப்பம் திறக்கும் அன்றே அனுப்பிவிடப் போகிறேன். மாமியாரோ, “தபாலே வேண்டாம், வரிசையில் நாலு பேரோடு பேசலாம்” என்கிறார்.