பெண்கள் விடுதியில் போன 9,000 ரூபாய்: சேலத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளே, உஷார்

இன்று மதியம் நாலாவது முறையாகப் போய் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன்.

புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதி. பெயர் போடவில்லை. போன தொகை 9,000 ரூபாய்.

அது என்ன காசு என்று சொல்லிவிடுகிறேன். நான் ஏற்காட்டில் அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் விழும். முதல் வருடம் அம்மாப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கியதால் அதைத் தொடவே இல்லை. ஜெராக்ஸ் 12, தட்டுவடை செட் 30 என்பது வரை நோட்டில் எழுதுகிறவள் நான். மாதக் கடைசியில் செட்டுக் கடையைப் பார்க்காமல் நடையைக் கட்டிய நாட்களும் உண்டு. அப்படி ஒன்பது மாதம் சேர்ந்த பணம்.

சித்தி குடும்பம் திருப்பூருக்குப் போனதும் ஜூனில் விடுதி தேடினேன். சாப்பாட்டோடு மாதம் 4,500, இரண்டு மாத அட்வான்ஸ். விடுதியைப் பார்த்துக்கொள்கிற அக்கா காபி கொடுத்து, "ஏற்காடா கண்ணு? எங்க அம்மா ஊரும் மலைதான்" என்றார். எனக்கு அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்தது. ஜிபே பண்ண போனை எடுத்தேன். "ஓனர் அக்கவுண்ட்ல ஏதோ சிக்கல், கையில குடுத்துடு கண்ணு" என்றார். ஏடிஎம்மில் எடுத்து வந்து எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்! அன்றிரவு நோட்டில் "அட்வான்ஸ் 9,000, திரும்பும்" என்று எழுதினேன். அந்தத் "திரும்பும்" கண்ணில் பட்டாலே இப்போது வயிறு எரிகிறது.

சாம்பாரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம், விடுங்கள். ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு அக்டோபர் கடைசியில் காலி செய்தேன். "அஞ்சாம் தேதி வா." போனால், "ஓனர் வெளியூர்." அடுத்த முறை, "புதுப் பிள்ளை யாராச்சும் சேர்ந்தா அந்த அட்வான்ஸ்ல தர்றேன்." அதாவது என் 9,000 எப்போதோ செலவாகிவிட்டது. அப்புறம் போன் எடுப்பதே இல்லை. தோழி நம்பரிலிருந்து அடித்தால் முதல் மணியிலேயே எடுக்கிறார், என் குரலைக் கேட்டதும் "மீட்டிங்ல இருக்கேன்" என்கிறார். விடுதியில் என்ன மீட்டிங்? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையோ, அலைச்சல் காசாவது மிஞ்சியது.

இன்றைக்குப் புதுக் கணக்கு. சுவரில் ஆணி அடித்தது, பெயிண்ட், பராமரிப்பு என்று கழித்தால் மிச்சம் எதுவும் இல்லையாம். நான் ஆணியே அடிக்கவில்லை. விடாமல் கேட்டதும், "ஒன்பதாயிரம் குடுத்தேன்னு எதுல இருக்கு?" என்றார். அதே அக்கா. இந்தத் தடவை "கண்ணு" இல்லை.

பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மா காபித் தோட்டத்தில் முன்பணம் வாங்கி அனுப்பியிருக்கிறார். பழம் பறிக்கிற கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

பத்து யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாமல் பெட்டியை இறக்காதீர்கள். பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டர் தரும் உரிமம் வேண்டும், காட்டச் சொல்லுங்கள், நான் கேட்கவில்லை. முன்பு காலி செய்தவர்களைத் தேடிப் பிடித்து அட்வான்ஸ் வந்ததா என்று விசாரியுங்கள். நாளை நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கப் போகிறேன். கையில் இருப்பது ஏடிஎம்மில் எடுத்ததற்கான குறுஞ்செய்தியும் இந்த நோட்டும்தான்.

நான் வெளியே வரும்போது வாசலில் ஒரு பெண் ஆட்டோவிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இருந்த ஆத்திரத்தில் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அரூரிலிருந்து வருவதாக ஆட்டோக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. தெரிந்த பிள்ளையாக இருந்தால் யாராவது இதைக் காட்டுங்கள்.