வலந்தலை மட்டும் கசிந்தது: எட்டுச் சேனல் ப்ரீஆம்ப், மூன்று வருட அனுபவம்

கச்சேரி ஒத்திகைகளைப் பதிவு செய்யத்தான் இந்த எட்டுச் சேனல் ப்ரீஆம்ப்பை (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) வாங்கினேன். மூன்று வருடமாக வாரம் இரண்டு நாளாவது ஓடுகிறது. குரலுக்கு நல்ல தெளிவு. நான்கு மணி நேரம் ஓடினாலும் சூடு அளவோடுதான் இருக்கிறது.

போன வருடம் ஒரு தொல்லை வந்தது. மிருதங்கம் 3ஆவது சேனல், பாடகர் 4ஆவது சேனல். பாடகர் நிறுத்தும் இடங்களில் குரல் டிராக்கில் மிருதங்கம் மெலிதாகக் கேட்டது. ஒரே அறைதானே, மைக் பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வலந்தலைச் சாப்பு (வலப்பக்கத்தின் கூர்மையான அடி) மட்டும் கேட்டது, தொப்பியின் கும்கி (இடப்பக்கத்தின் கனத்த ஒலி) கேட்கவே இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, சோதித்துவிடலாம் என்று 4இல் மைக்கைக் கழற்றி, எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக் இணைப்பு) பிளக்கில் சிக்னல் வரும் 2, 3 பின்களுக்கு இடையே 150 ஓம் ரெசிஸ்டர் வைத்துச் செருகினேன். உள்ளீட்டைத் திறந்தபடி விட்டால் அதுவே வேறு சத்தங்களைப் பிடித்துக்கொள்ளும். 3இல் டோன் (ஒரே அதிர்வெண் உள்ள சோதனை ஒலி) கொடுத்தேன். 10 கிலோஹெர்ட்ஸில் கசிவு மூலத்தைவிட 48 டெசிபல் கீழே, 1 கிலோஹெர்ட்ஸில் 68. 100 ஹெர்ட்ஸில் இரைச்சலுக்குள் மறைந்துவிட்டது. அதிர்வெண் பத்து மடங்கானால் 20 டெசிபல் ஏறுகிறது என்றால், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையேயான கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கத் தன்மை; அதிர்வெண் கூடக் கூட சிக்னலை எளிதாகக் கடத்தும்) வழியாகத்தான் சிக்னல் தாவுகிறது.

எங்கே தாவுகிறது என்பதை கெயின் (பெருக்க அளவு) குமிழே காட்டிக்கொடுத்தது. கசிவு ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டுப் பக்கம் நுழைந்திருந்தால், 4இன் கெயினைக் கூட்டும்போது அதுவும் கூடியிருக்க வேண்டும். கூட்டினேன், இரைச்சல்தான் ஏறியது, டோன் அசையவில்லை. அப்படியானால் கெயின் நிலைக்குப் பிறகுதான். அடுத்து 4இன் வெளியீட்டு ஜாக்கைப் ப்ரீஆம்ப்பிலிருந்து உருவி அந்தரத்தில் விட்டேன். கசிவு பல மடங்கு எகிறியது. கேபிள்தான்!

மலிவு விலையில் வாங்கிய 6 மீட்டர் மல்ட்டிகோர் (பல சேனல் கம்பிகள் ஒரே உறைக்குள் போகும் கேபிள்) அது. பிரித்துப் பார்த்தால் சேனலுக்கு ஒரே கம்பி, எட்டுக்கும் சேர்த்து வெளியே ஒரே கவசம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கவசம் உள்ள பேலன்ஸ்டு (சேனலுக்கு இரண்டு சிக்னல் கம்பிகள் உள்ள) மல்ட்டிகோராக மாற்றினேன். இப்போது 10 கிலோஹெர்ட்ஸ் டோனும் இரைச்சலுக்குள் போய்விட்டது. குரலைக் கம்ப்ரெஸ் செய்து மெல்லிய ஒலிகளை மேலே கொண்டுவந்தாலும் சாப்பு தலைகாட்டுவதில்லை.

ப்ரீஆம்ப்பில் எனக்கு மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான்: கெயின் குமிழின் கடைசிச் சுற்றில் அளவு சட்டென்று தாவுகிறது. மெல்லிய குரலில் பாடுபவர்களைப் பதியும்போது இன்னும் சிரமப்படுகிறேன்.