காணாக்கடிக்கு ‘அலர்ஜி பேக்கேஜ்’ எடுத்தேன்: 2 ஸ்டார், அதுவும் ரத்தம் எடுத்த தம்பிக்காக

லேப் பேரு போடல, ஊர் பூரா கிளை இருக்கு, ஆப்ல புக் பண்ணா காலைல வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்க, அந்த மாதிரி பெரிய லேப். எனக்கு எட்டு மாசமா காணாக்கடி. சாயங்காலம் ஆனா போதும், இடுப்புல ஆரம்பிச்சு தொடை, முழங்கைன்னு தடிச்சுக்கிட்டே போகும், சில நாள் உதடு கூட வீங்கும், காலைல பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி தோல் சுத்தமா இருக்கும். அத்தை வெத்தலையில மிளகு வச்சு மெல்லச் சொன்னாங்க, மென்னேன், காரம்தான் மிச்சம். ஆறு வாரத்தத் தாண்டிட்டா அது க்ரானிக் அர்ட்டிகேரியா, அதாவது நாள்பட்ட காணாக்கடி கணக்குன்னு ஸ்கின் டாக்டர் சொல்லிட்டாங்க.

அவங்க சீட்டுல எழுதினது அஞ்சே அஞ்சுதான். சிபிசி (ரத்த அணுக்களோட எண்ணிக்கை), ஈஎஸ்ஆர், சிஆர்பி (ரெண்டும் உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டும்), மொத்த ஐஜிஈ (அலர்ஜில வேலை செய்யற ஆன்டிபாடி), ஆன்டி டிபிஓ (தைராய்டுக்கு எதிரா உடம்பு உண்டாக்கிற ஆன்டிபாடி). நான் அதோட நிறுத்தியிருக்கணும். புக் பண்ணும்போது கால் சென்டர்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, மேடம் தனித்தனியா போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம், எங்க அலர்ஜி பேக்கேஜ்ல இது எல்லாமே வந்துடும், கூடவே 200 சாப்பாட்டு ஐட்டமும் பார்த்துடுவோம்னு சொல்லுச்சு. அரிப்புல தூக்கம் இல்லாத மனுஷி என்ன செய்வா, 5,800 ரூபாய் கட்டிட்டேன்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். காலைல 6.40க்கு டாண்ணு வந்தான் ஒரு தம்பி. எனக்கு நரம்பே கிடைக்காது, எங்க போனாலும் ரெண்டு மூணு குத்து வாங்குவேன், இவன் கையத் தடவிப் பார்த்துட்டு ஒரே குத்துல எடுத்துட்டான். ஊதா மூடி குழாய் ரெண்டு, மஞ்சள் மூடி ஒண்ணு. வெறும் வயித்துல இருக்கச் சொல்லி மெசேஜ் வந்துருந்துச்சு, சிஆர்பிக்கோ ஈஎஸ்ஆருக்கோ அது தேவையே இல்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, காபியாவது குடிச்சிருப்பேன். இன்னும் ஏழு வீடு இருக்குக்கான்னு சொல்லிட்டு பைய பைக்ல மாட்டிட்டுப் போயிட்டான். அந்த ஏழு வீடுதான் பிரச்சனை.

ரிப்போர்ட் 14 பக்கம். அதுல பத்து பக்கம் சாப்பாடு. சிவப்பு கலர்ல மேல இருந்தது அரிசி, பால், கோதுமை, முட்டை, அதாவது நான் தினம் சாப்பிடறது அத்தனையும்! டாக்டர் அந்தப் பக்கங்கள புரட்டக் கூட இல்ல. அது ஐஜிஜி டெஸ்டாம், நாம சாப்பிடற சாப்பாட்டுக்கு உடம்புல சாதாரணமா உண்டாகிற ஆன்டிபாடி, அத வச்சு அலர்ஜின்னு சொல்ல முடியாதாம். பத்து நாளா பால் காபி இல்லாம கஷாயம் குடிச்சுட்டு இருந்தேன், அத யார்கிட்ட போய் சொல்ல.

அடுத்து சிஆர்பி. இது கல்லீரல்ல உருவாகிற ஒரு புரதம், உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் ரத்தத்துல ஏறும், சளி ஜுரம், பல்லுல சீழ், ஏன் உடம்பு எடை கூடினா கூட ஏறும், அதனால அது மட்டும் காணாக்கடிய கண்டுபிடிச்சுக் கொடுக்காது. மூணு மாசம் முன்னாடி வேற லேப்ல எனக்கு 6 இருந்துச்சு. இந்த ரிப்போர்ட்ல 0.9. அப்பாடா இறங்கிடுச்சுன்னு அரிப்புக்குப் போடற ராத்திரி ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைய நானே நிறுத்திட்டேன், ரெண்டாவது நாள் நடு ராத்திரி வயிறு பூரா தடிப்பு. டாக்டர் பார்த்துட்டு யூனிட்டப் பாரும்மான்னாங்க. பழைய ரிப்போர்ட் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு, இது ஒரு டெசிலிட்டருக்கு. பத்தால பெருக்கணும். அப்போ 0.9ங்கிறது 9. குறையல, கூடியிருக்கு. அந்த யூனிட்ட எறும்பு சைஸ் எழுத்துல போட்டு வச்சிருக்காங்க, லேப் லோகோ மட்டும் அரைப் பக்கத்துக்கு!

ஈஎஸ்ஆர் 14ன்னு வந்துச்சு. குழாய நிமிர்த்தி வச்சா ஒரு மணி நேரத்துல சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் கீழ இறங்குதுன்னு பார்க்கிற டெஸ்ட் அது. அழற்சி இருந்தா ரத்தத்துல ஃபைப்ரினோஜன் கூடி, சிவப்பணு எல்லாம் காசு அடுக்கின மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வேகமா இறங்கும். ஆனா ரத்தம் வெளிய ரொம்ப நேரம் கிடந்தா கணக்கு தப்பும், சாதாரண அறை வெப்பத்துல நாலு மணி நேரத்துக்குள்ள போட்டுடணும்பாங்க. என் ரிப்போர்ட்லயே இருக்கு, எடுத்தது 6.40, டெஸ்ட் போட்டது மதியம் 2.15. எங்க தெரு முனை சின்ன லேப்ல 100 ரூபாய் கொடுத்து மறுபடி பார்த்தேன், அங்கேயே எடுத்து அங்கேயே போட்டாங்க, 38. அதையும் அப்படியே நம்ப வேணாம்னாங்க டாக்டர், எனக்கு ஹீமோகுளோபின் 10.1தான், ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் தூக்கிக் காட்டும்.

இந்த நம்பர்கள விட டாக்டர் கேட்ட கேள்விதான் எனக்கு ஆச்சரியம். ஒரு தடிப்பு எவ்வளவு நேரம் இருக்கு, போன இடத்துல கன்னிப்போன மாதிரி கறை நிக்குதா, ஜுரம் மூட்டு வலி உண்டான்னு. நேரம் தெரியலைன்னேன். பால் பாயிண்ட் பேனாவால தடிப்பச் சுத்தி வட்டம் போட்டு மணி எழுதச் சொன்னாங்க. ராத்திரி 9 மணிக்குப் போட்டேன், விடிகாலை 4 மணிக்கு வட்டம் மட்டும் இருந்துச்சு, தடிப்பு இல்ல, கறையும் இல்ல. 24 மணி நேரம் தாண்டி நின்னு, கறை விட்டு, ஈஎஸ்ஆரும் எகிறினாதான் ரத்தக்குழாய் அழற்சியான்னு சந்தேகப்பட்டு தோல்ல இருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பாங்களாம், எனக்கு அது வேணாம்னுட்டாங்க.

பேக்கேஜ்ல உருப்படியா கிடைச்சது ரெண்டே வரிதான், ஐஜிஈ குறைவு, ஆன்டி டிபிஓ அதிகம். ரெண்டும் இப்படி சேர்ந்து வந்தா, உடம்பே தனக்கு எதிரா திரும்பி காணாக்கடிய கிளப்பி விடற வகையா இருக்க வாய்ப்பு அதிகமாம், பின்னால ஒமாலிசுமாப் (ஐஜிஈயக் கட்டிப்போடற மருந்து) ஊசி வரைக்கும் போனா பலன் மெதுவா வரலாம்னு இப்பவே சொல்லி வச்சாங்க. இப்போதைக்கு அதே மாத்திரையோட டோஸ கூட்டியிருக்காங்க, வழக்கமான டோஸ்ல நாலு மடங்கு வரைக்கும் போகலாமாம், அதுவும் டாக்டர் சொன்னாதான், நீங்களா கூட்டாதீங்க.

லேப்ல ஈஎஸ்ஆர் லேட்டா போட்டதுக்கு கம்ப்ளைண்ட் போட்டேன், டிக்கெட் க்ளோஸ்டுன்னு மெசேஜ் வந்துச்சு, கூடவே முழு உடல் பரிசோதனைக்கு 20 சதவீதம் தள்ளுபடி கூப்பன்.