‘கிட்னி பாதுகாப்பு பேக்கேஜ்’: 28,500 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

எரிச்சலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது, 15 வருடச் சர்க்கரை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில், கிரியேட்டினின் 1.9 என்று அதிகமாக ரிப்போர்ட் வந்ததும் பயந்துபோய், அண்ணா நகர் பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பழைய மருந்துச் சீட்டை நீட்டினேன். அங்கிருந்தவர் அதைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கொழுப்பைக் குறைச்சா கிட்னி தானா சரியாயிடும் ஐயா, டயாலிசிஸ் உங்க வாசலுக்கே வராது” என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தான் கார்டை எடுத்தேன். ஆறு மாதத்துக்கு 28,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு.

மாத்திரை அட்டைகளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை ஸ்டிக்கர். மூன்றாவது வாரம் அப்பாவுக்குத் தொடையெல்லாம் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. சந்தேகம் வந்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் அட்டார்வாஸ்டாட்டின் 20, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் வகை மாத்திரை. அப்பா பல வருடமாக ராத்திரி போடுகிற அதே மாத்திரை! மக்கள் மருந்தகத்தில் சொற்ப விலைக்குக் கிடைப்பதை 28,500 ரூபாய்க்கு வாங்கி, இரட்டை டோஸாகக் கொடுத்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரி சிறுநீரக மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கிட்னி பழுதானவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகம். ஸ்டாட்டின் தருவது அந்த ஆபத்தைக் குறைக்கத்தான். 2011-ல் வெளியான ‘ஷார்ப்’ ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்ட கிட்னி நோயாளிகளைச் சேர்த்து, சிம்வாஸ்டாட்டின், எசிடிமைப் என்ற இரண்டு கொழுப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்களாம். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன; டயாலிசிஸ் வரை போகிறவர்கள் எண்ணிக்கை சொல்லும்படி குறையவில்லை. கிட்னிக்கு முதலில் சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வர வேண்டும் என்றார்.

கிளினிக்குக்குப் போன் செய்தால், “டாக்டர் மீட்டிங்ல இருக்கார் மேடம்.” நேரில் போனால், “பேக்கேஜ் ஆரம்பிச்சாச்சு, பணம் திரும்ப வராது.” கடைசியாக வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூப் படம், ‘விரைவில் நலம் பெறுக’ என்று. அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 28,500 ரூபாய்க்கு ஒரு ரோஜாப்பூ!

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை வாங்காதீர்கள். பழைய சீட்டைப் பார்க்காதவரிடம் மருந்து வாங்காதீர்கள். சரியான பில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். அதற்காகக் கோபத்தில் ஸ்டாட்டினையே நிறுத்திவிடவும் வேண்டாம், அப்பா அதைத்தான் செய்யப் பார்த்தார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான்.