ஹைட்ரோஜெல்லில் மின்சாரம்: நானோகுழாயா, பெடாட்டா, உப்பே போதுமா?

மின்கடத்தும் ஹைட்ரோஜெல்லை (நீரைத் தாங்கி நிற்கும் மென்மையான பாலிமர் வலை) இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கும் சிங்கப்பூர் மாணவர்கள் பலர் நேராகக் கார்பன் நானோகுழாயிடம் போய்விடுகிறார்கள். அதற்கு முன் ஒன்றைத் தீர்மானிக்கவேண்டும்: ஜெல்லுக்குள் ஓடவேண்டியது அயனியா, எலக்ட்ரானா?

அயனி போதுமென்றால் உப்பு ஜெல்லை மிஞ்ச ஆளில்லை. 1 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் 25 டிகிரியில் மீட்டருக்குச் சுமார் 8.5 சீமென்ஸ் (கடத்துத்திறனின் அலகு) கடத்தும். ஜெல்லில் சற்றுக் குறையும். விலை மலிவு, நிறமும் கிடையாது. ஆனால் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கடத்துத்திறன் ஏறத்தாழ 2% ஏறும். 23 டிகிரி ஆய்வகத்தில் அளந்த ஜெல் பட்டை, 31 டிகிரி புளோக் அடித்தளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் மாறிக் காட்டும். ஏர்கான் காற்றில் ஜெல் காய்ந்தும் போகும்; கிளிசரால் அல்லது லித்தியம் குளோரைடு சேர்த்தால் காய்வது மட்டுப்படும்.

எலக்ட்ரானைக் கடத்தும் நானோகுழாய் ஜெல்லின் கதை வேறு. பாலிஅக்ரிலமைடு என்ற ஜெல் பாலிமரில் 0.5 முதல் 1% பல்சுவர்க் குழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கார்பன் அடுக்கு கொண்டது) கலந்து வார்த்தால் பெரும்பாலும் மீட்டருக்கு 1 சீமென்சைக்கூட எட்டாது. தனிக்குழாய் அருமையாகக் கடத்தும். ஆனால் ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தாவும் சந்திப்பில்தான் தடையின் பெரும்பகுதி. அங்கே பாலிமரும் நீரும், குழாய்களைப் பிரிக்கச் சேர்த்த எஸ்டிபிஎஸ் சோப்பும் இடையில் நிற்கின்றன. சோப்பைக் குறைத்தால் குழாய்கள் திரளும். மீயொலியால் குழாய்களைப் பிரிக்கும் புரோப் சோனிகேட்டரை ஐஸ் குளியலில், விட்டுவிட்டு இயக்குங்கள். அளவு மீறினால் குழாய்கள் உடைந்து குட்டையாகும், அப்புறம் தொடர்ச்சியான பாதை அமைய இன்னும் அதிகக் குழாய் தேவைப்படும். கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் 3:1 கலந்து அதில் குழாய்களைக் கொதிக்கவைத்தால் நீரில் நன்றாகப் பரவும், கடத்துத்திறனோ அடிவாங்கும். புறஊதா ஒளியில் இறுக்கவேண்டாம்: கறுப்புக் குழாய்கள் ஒளியை விழுங்கிவிடுவதால் அடிப்பகுதி கூழாகவே கிடக்கும். ஒளியின்றியே ஜெல்லை இறுக்கும் அம்மோனியம் பெர்சல்பேட்டும் டெமெடும் (TEMED) கைகொடுக்கும். வார்த்த ஜெல் நீரில் இரு மடங்கு ஊதினால் குழாய்ச் செறிவு பாதியாகி, பாதையே அறுந்துவிடலாம்.

அளப்பதில்தான் பெரும்பிழை நேர்கிறது. பிபிஎஸ் (செல் ஆய்வில் பயன்படும் பாஸ்பேட் உப்புக் கரைசல்) தானே மீட்டருக்குச் சுமார் 1.5 சீமென்ஸ் கடத்தும். அதில் ஊறிய ஜெல்லை 1 கிலோஹெர்ட்ஸில் அளந்துவிட்டு, வந்த எண்ணைக் குழாயின் கணக்கில் எழுதினால் அது தவறு. குழாய் இல்லாத ஜெல்லையும் அதே கரைசலில் ஊறவைத்து அளக்கவேண்டும். பிறகு அயனி நீக்கிய நீரில் பலமுறை கழுவி, தங்க மின்முனைகளுக்கிடையே 0.1 வோல்ட் நேர்திசை (டிசி) மின்னழுத்தம் கொடுங்கள். சில நிமிடங்களில் அயனி மின்னோட்டம் தேய்ந்துவிடும். நிலைத்து நிற்பது எலக்ட்ரானின் பங்கு.

வெறும் கடத்துத்திறன்தான் இலக்கு என்றால் பெடாட்-பிஎஸ்எஸ் (PEDOT:PSS, தானே மின்கடத்தும் பாலிமர்) முந்துகிறது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்துக் காயவைத்து, மறுபடி நீரில் ஊறவைத்த தூய பெடாட்-பிஎஸ்எஸ் ஜெல், பிபிஎஸ்ஸில் மீட்டருக்குச் சுமார் 2,000 சீமென்ஸ் எட்டியதாக 2019இல் ஆய்வு வெளியானது. வேறு பாலிமரோடு கலந்தால் இந்த எண் வெகுவாகச் சரியும். பெடாட்-பிஎஸ்எஸ் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. உயிர்ச் செல்களோடு வைக்குமுன் நன்றாகக் கழுவவேண்டும்.

இசிஜி பட்டைக்கு உப்பு ஜெல்லே போதும். நரம்பு மின்முனைக்குப் பெடாட். இழுவை உணரிக்கு நானோகுழாயை எடுக்கலாம்: இழுக்கும்போது சந்திப்புகள் விலகித் தடை மாறுவது அங்கே பயன்படும். குழாயை உலர்பொடியாக வாங்காமல் நீரில் பரவிய நிலையிலேயே வாங்குங்கள். பொடி பறந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.